வெல்மா அண்ணியின் எடைச்சீட்டு

என் அண்ணி வெல்மா யார் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார். நிறுத்துக் காட்டினால்தான் நம்புவார். கிறிஸ்துமஸ் வான்கோழியின் மேல் கடைக்காரன் ஏழு கிலோ என்று ஒட்டியிருந்தால், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடியும் நிறுப்பார். நூறு கிராம் குறைந்தால் கழற்றிய கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். ஊரில் சிலர் இதைக் கஞ்சத்தனம் என்பார்கள். அது பொய். ஒரு வருடம் நூறு கிராம் கூடுதலாக இருந்தது. அதற்கும் பனியில் நடந்துபோய்க் காசு கொடுத்துவிட்டு வந்தார். இப்படிப்பட்ட ஒருவருக்குக் கொழுந்தனாக முப்பத்து நாலு வருடம் காலம் தள்ளியிருக்கிறேன். அதற்கே எனக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

சஸ்காச்சுவானில் எங்கள் ஊர் ஹேஸல்பி. எனக்கு அங்கே டயர் கடை. அண்ணிக்கு தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை. லாரி கோதுமையோடு வந்து மேடையில் ஏறும், நிறுப்பார். கொட்டிவிட்டுக் காலியாக வரும், மறுபடி நிறுப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விவசாயியின் ஒரு வருட உழைப்பு. கோதுமையில் ஒரு பிடி எடுத்து ஈரமும் பார்ப்பார். ஈரம் கூடினால் விலை குறையும். இருபத்தேழு வருடமாக இதைச் செய்கிறவர் ஊரில் எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஏச்சில் பாதி ஓர்வில் தோர்சன் ஒருவரே கொடுத்தது. மேற்கே ஆறு கிலோமீட்டரில் பெரிய பண்ணை அவருக்கு. நல்ல மனுஷர்தான், ஆனால் அறுவடைக்கு அறுவடை எடைமேடை ஜன்னலில் வந்து நின்று, "உன் தராசு குறைச்சுக் காட்டுதும்மா, என் கோதுமைய அது திங்குது" என்று ஊரே கேட்கச் சொல்வார். ஒரு வருடம் குளியலறைத் தராசைக் கையில் எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். அண்ணி அரசாங்க ஆய்வாளர் முத்திரை வைத்த தாளைச் சுவரில் காட்டிவிட்டு அடுத்த லாரியை அழைத்தார்.

நிறுப்பது அண்ணிக்கு வெறும் வேலை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். என் அண்ணன் மர்வினுக்கு உடம்புக்கு வந்த வருடம் சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் ஒரு எண் எழுதியிருந்தது. அண்ணனின் எடை. டாக்டர் "பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் மார்ச் மாதம் அண்ணன் போனார். அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் காலண்டர் மாட்டவில்லை.

போன வருடம் ஒரு நாள் என் கடைக்கு வந்து, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"இன்னொரு கோடை அந்த வீட்டுல இருந்தேன்னா எனக்குப் பூஞ்சை பிடிச்சிடும் கிளே" என்றார். என் பெயர் கிளேட்டன். "மர்வினும் நானும் கல்யாணமான வருஷம் ஏரிக்குப் போனோம். மூணு நாளும் மழை. அடுத்த கோடை போவோம், அடுத்த கோடை போவோம்னே ஓடிப்போச்சு."

வடக்கே லூன்டெயில் ஏரியில், மக்கள் வந்து கூடாரம் போட்டுத் தங்கும் அரசாங்க முகாம் ஒன்று இருக்கிறது. கோடை முழுக்க அங்கேயே தங்கி, வருகிறவர்களை வரவேற்று, விறகு கொடுத்து, சத்தம் போடுகிறவர்களை அடக்க ஒரு ஆள் வேண்டும். சம்பளம் சொற்பம், ஆனால் ஏரிக்கரையில் இடம் சும்மா. மூன்று வருடமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த பிப்ரவரியில் கடிதம் வந்தது. மே பதினைந்துக்குள் வந்து சேர வேண்டும், தங்குவதற்கு, வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீடான டிரெய்லர் ஒன்றைச் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்கு இடம் போகும் என்று அதில் இருந்தது.

அண்ணி ஏப்ரலோடு வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். அவர் இடத்துக்கு டானிகா என்ற பெண்ணைச் சேர்த்தார்கள். அந்த டானிகாவுக்கே தன் வீட்டையும் வாடகைக்குப் பேசி முடித்துவிட்டார். ஆக, வேலையும் போயிற்று, வீடும் போயிற்று, டிரெய்லர் மட்டும் இன்னும் வரவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். இவருக்கு இரண்டு காலும் ஆற்றில்தான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, அவர் நன்றாகத் தூங்கினார்.

டிரெய்லர் கிடைப்பது லேசாக இல்லை. அண்ணன் விட்டுப்போன பழைய பிக்கப் இரண்டு டன்னுக்கு மேல் இழுத்தால் மலைச்சரிவில் பிரேக் பிடிக்காது. இரண்டு டன்னுக்குள், அண்ணியின் கைக்கு எட்டும் விலையில், எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் விற்பனைக்கு இருந்தது. ஓர்வில் தோர்சனுடையது.

ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு. வேலி உயரத்துக்குப் பனி கிடந்தது. டிரெய்லருக்குப் பன்னிரண்டு வயது, ஆனாலும் வெள்ளை வெளேரென்று துடைத்து வைத்திருந்தார் ஓர்வில். பன்னிரண்டாயிரம் டாலர் சொன்னார்.

"சனிக்கிழமை சஸ்காட்டூன்ல இருந்து ஒரு ஆளு வர்றான், பணத்தோட" என்றார். "உனக்காகத்தான் முதல்ல காட்டுறேன். நீ என் கோதுமை விலைய எவ்வளவு வெட்டினாலும் நான் மனசுல வெச்சுக்கல பாரு."

"நான் வெட்டல அண்ணே. உங்க கோதுமை ஈரமா இருந்துச்சு."

"ஆரம்பிச்சுட்டா!"

நான் என் வித்தையை எல்லாம் எடுத்துவிட்டேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அன்று நான் பார்த்த பார்வை முதல்தரமானது. பழைய டிரெய்லருக்கு எமன் தண்ணீர்தான். மேலே ஒழுகும், சுவருக்குள் இறங்கும், மரச்சட்டம் மக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் ஏணி போட்டுக் கூரையில் ஏறிப் பனியைத் தள்ளிவிட்டு, ஓரங்களில் பசை விட்டிருக்கிறதா என்று விரலால் தடவினேன். உள்ளே ஜன்னல் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தினேன். மக்கியிருந்தால் பழைய ரொட்டி போல உள்ளே போகும். போகவில்லை. அலமாரிகளுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன். பூஞ்சை வாடையே இல்லை. தரையில் குதிகாலால் குத்திக் குத்தி நடந்தேன். பாறை மாதிரி இருந்தது. டயரில் மட்டும் ஓர்விலைப் பிடித்தேன். தரையில் படும் பட்டன் தேயாமல் புதிதாக இருந்தாலும், பக்கத்தில் அச்சடித்த எண்ணைப் பார்த்தால் ஒன்பது வயது.

"டயர் நாலும் மாத்தணும் அண்ணே. கண்ணுக்குத்தான் குமரி இது."

"சரி, அதுக்கு விலையில கழிச்சுக்க" என்றார் உடனே. தண்ணீர்க் குழாய்களைத் திறந்து பார்க்க முடியவில்லை. குளிருக்கு உறையாத மருந்தை ஊற்றி வைத்திருந்தார், எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். "அதெல்லாம் அருமையா வேலை செய்யும். அக்டோபர்ல நானே தொட்டி நிறைய தண்ணி ஊத்திப் பார்த்தேன்" என்றார்.

நான் அண்ணியைத் தனியாக அழைத்துப்போய்த் தீர்ப்புச் சொன்னேன்.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க அண்ணி. என் முப்பது வருஷ அனுபவத்துல இவ்வளவு சுத்தமான வண்டி பார்த்ததில்ல."

அண்ணி கண்ணை மூடவில்லை. படுக்கையில் உட்கார்ந்து பார்த்தார், சின்ன அடுப்பின் முன்னால் நின்று பார்த்தார், மேசை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அந்த ஜன்னலில் ஏரி தெரிந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறார் என்பது முகத்திலேயே இருந்தது. அவருக்கு அது வேண்டும். அவ்வளவு வெளிப்படையாக அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. பிறகு கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். தொழிற்சாலையில் இருந்து வந்தபோது காலி எடை ஆயிரத்து எழுநூற்று இருபது கிலோ. அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

"நிறுத்துப் பாத்துட்டு வாங்கிக்கிறேன்" என்றார்.

ஓர்வில் சிரித்த சிரிப்பில் மாட்டுக் கொட்டகையில் நாய் குரைத்தது. "டிரெய்லர நிறுக்கப் போறியா? கிலோ என்ன விலைன்னு கேக்கப் போறியா?"

"மேடைச் சாவி உங்ககிட்டதானே இருக்கு அண்ணி, இப்பவே போய்ட்டு வந்துடலாமே" என்றேன் நான்.

"ஞாயித்துக்கிழமை மேடை மூடியிருக்கும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வாங்க. வரிசையில நிக்கணும். கட்டணம் நான் கட்டிடுறேன்" என்றார் அண்ணி.

திங்கட்கிழமை காலை என் வண்டியில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனேன். முன்னால் இரண்டு லாரி. நின்றோம். ஓர்விலும் தன் வண்டியில் பின்னாலேயே வந்துவிட்டார், வேடிக்கை பார்க்க. எங்கள் முறை வந்ததும் அண்ணி எடைக்கூண்டை விட்டு வெளியே வந்து, தலையில் கம்பளித் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"டானிகா, நீயே நிறு. தன் சரக்கைத் தானே நிறுக்கக் கூடாது."

வண்டியைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மட்டும் மேடையில் நிறுத்தினேன். டானிகா ஜன்னலைத் திறந்து சத்தமாகப் படித்தாள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது!"

அண்ணி உள்ளங்கையைப் பார்த்தார். "முன்னாடி ரெண்டு கேஸ் சிலிண்டர், ஒரு பேட்டரி. எல்லாம் சேர்த்து அறுபது கிலோன்னு வைங்க. இன்னும் நூத்தைம்பது கிலோ எங்கே அண்ணே?"

"எந்த நூத்தைம்பது?"

"அதத்தான் கேக்கறேன். உங்களை மாதிரி ஒண்ணரை ஆளு உள்ள ஒளிஞ்சுட்டிருக்கணும்."

உள்ளே போய் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்தோம். ஒரு கரண்டிகூட இல்லை. ஐரீன், அதாவது ஓர்விலின் மனைவி, எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டிருந்தார். தண்ணீர்த் தொட்டியைத் தட்டினேன், காலி. வெளியே வந்தபோது காத்திருந்த லாரிக்காரர்கள் மூன்று பேர் இறங்கி வந்து சுற்றி நின்றிருந்தார்கள். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் வேறு பொழுதுபோக்கு கிடையாது.

ஓர்வில் கையை வீசினார். "தராசு பழசும்மா. அது கூடக் காட்டுது, அவ்வளவுதான்."

அண்ணி திரும்பி அவரைப் பார்த்தார். அவசரப்படவே இல்லை.

"இருபத்தேழு வருஷமா இந்தத் தராசு குறைச்சுக் காட்டுதுன்னு சொன்னீங்களே அண்ணே."

ஓர்வில் லாரிக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"குறைச்சுக் காட்டுற தராசே இவ்வளவு காட்டுதுன்னா, உண்மையில இன்னும் கூடத்தானே இருக்கணும்? இல்ல, தராசு சரின்னு இந்த மூணு பேருக்கு முன்னாடி சொல்லிடுறீங்களா?"

தவளை தன் வாயால் கெடும் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். லாரிக்காரர்களில் ஒருவர் சிரித்துச் சிரித்து மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுங்க ஓர்வில், எது? குறைச்சலா, கூடுதலா?" ஓர்வில் கோட்டுப் பொத்தானைத் திருகினார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"தராசு... சரியாத்தான் இருக்கும்."

அதை எழுதி வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்க வேண்டும். அண்ணியோ அந்த வெற்றியில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

"கிளே, இடது பக்கச் சக்கரம் மட்டும் மேடையில இருக்கற மாதிரி நிறுத்து."

எங்கள் மேடை தரைமட்டத்தில் இருப்பது, ஓரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றலாம். இடது பக்கம் தொள்ளாயிரத்து அறுபது வந்தது. வலது பக்கம் எண்ணூற்று இருபது. முன்னால் வண்டியோடு மாட்டும் மூக்கை மட்டும் வைத்தால் நூற்றைம்பது.

"அடுப்பு, குளிர்பெட்டி, தொட்டி எல்லாம் வலது பக்கம். வலதுதான் கனமா இருக்கணும்" என்று அண்ணி தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தார். "மூக்கு லேசா இருக்கு, அப்ப கனம் பின்னாடி. இடது பக்கம், பின்னாடி." பின்மூலைக்குப் போய் நின்று பூட்ஸால் தரையைத் தட்டினார். "இங்க. குளியலறைக்குக் கீழ."

"அந்தத் தரையை நான் குத்திப் பாத்தேன் அண்ணி, பாறை மாதிரி..."

சொல்லும்போதே டார்ச்சை எடுக்கப் போய்விட்டேன். ஓர் அட்டையைப் பனியில் விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தேன். டிரெய்லரின் அடிவயிற்றில் சாலைச் சேறு அடிக்காமல் இருக்கக் கறுப்பு பிளாஸ்டிக் தகடு வைத்து மூடியிருக்கும். தகட்டுக்கும் தரைக்கும் நடுவே குளிர் தாங்கும் பஞ்சு. அந்தப் பின்மூலையில் தகடு கறவைக்கு முந்திய மடி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பானரால் தட்டினேன். கல் மாதிரி ஒலித்தது.

பனிக்கட்டி. நூற்றைம்பது கிலோ பனிக்கட்டி.

அங்கேயே படுத்துக்கொண்டு என்னை நானே திட்டினேன். உறைந்துபோன தண்ணீர் சொட்டாது. உறைந்த பஞ்சு நாறாது. உறைந்த பலகையைக் குதிகாலால் குத்தினால் பாறையாகத்தான் இருக்கும். பனி உருகுவதற்கு முன்னால் டிரெய்லரை மோந்து பார்ப்பவனைப் போல முட்டாள் வேறு யார்? பிறந்ததில் இருந்து இந்தக் குளிரில் கிடக்கிறேன். "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்று வேறு சொல்லியிருந்தேன். வாங்கியிருந்தால் மே மாதம் ஏரிக்கரையில் உருகி, ஜூனில் தரை மக்கி, அண்ணி அதில் கால் வைத்துக் கீழே போயிருப்பார்.

வெளியே ஊர்ந்து வந்து சொன்னேன். ஓர்வில் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். அந்த மனுஷருக்கு நடிக்கத் தெரியாது.

"தொட்டி நிறைய தண்ணி ஊத்தினேன்னு சொன்னீங்களே அண்ணே" என்றார் அண்ணி. "அப்புறம் எப்ப திறந்து விட்டீங்க?"

"நான் திறக்கல. பனி வருதுன்னு கடைசி வயலுக்கு ஓடிட்டேன். ஒன்பது நாள் கழிச்சுப் பாத்தா தொட்டி காலி. ஐரீன் திறந்து விட்டுட்டான்னு நெனைச்சேன்."

"அக்காகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா, 'உங்களுக்கு எல்லாத்தையும் நான்தான் செய்யணுமா'ன்னு ஆரம்பிச்சுடுவா. அதான் கேக்கல."

எனக்கு வந்த கோபத்தில் குளிரே தெரியவில்லை. "விடுங்க அண்ணி! பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்கப் பயந்த ஆளோட வண்டி நமக்கு எதுக்கு? வேற பாக்கலாம்" என்று கத்தினேன். வேறு இல்லை என்பது எனக்கே தெரியும். அவருக்கும் தெரியும். ஐந்தரை வாரம் இருந்தது.

அண்ணி கையுறையைக் கழற்றி, டிரெய்லரின் பின்மூலையில் வெறும் கையை வைத்துப் பார்த்தார். பிறகு எடைக்கூண்டுக்குள் போய், சுவரில் தொங்கிய ஈரக்கழிவு அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். கோதுமையில் இத்தனை ஈரம் என்றால் விலையில் இத்தனை கழிவு என்று கட்டம் போட்ட அட்டை.

"ஈரக் கோதுமைய யாரும் பள்ளத்துல கொட்டறதில்ல கிளே. விலையக் குறைச்சு வாங்கிக் காய வெப்பாங்க. தண்ணி விழுந்த கையோட உறைஞ்சிடுச்சு. மரம் மக்கறதுக்கு அதுக்கு நேரமே கிடைச்சிருக்காது. உருகறதுக்கு முன்னாடி எடுத்துட்டா வண்டி பிழைச்சுக்கும்." அட்டையை ஓர்விலின் மூக்குக்கு நேரே பிடித்தார். "உங்க வண்டிக்கு நான் போடற தரம், ஈரம். இந்தக் கட்டத்துல இருக்கற கழிவு. டயருக்குத் தனி. உங்க கொட்டகையிலயே பிரிச்சு, உங்க தானியக் குதிருக்கு வெக்கற காத்தாடிய வெச்சுக் காய வெக்கணும். தராசு ஆயிரத்து எழுநூத்தி எண்பதுக்கு வர்ற அன்னிக்குப் பணம்."

"சனிக்கிழமை வர்றவன் முழு விலை தருவான்" என்றார் ஓர்வில், ஆனால் குரலில் சுரத்து இல்லை.

"தாராளமா குடுங்க. இந்த எடைச்சீட்டையும் அவர்கிட்ட காட்டுங்க."

ஓர்வில் சீட்டைப் பார்த்தார். சுற்றி நின்ற மூன்று பேரைப் பார்த்தார். ஈரக்கோதுமையைக் காய்ந்தது என்று சொல்லி விற்றதில்லை அவர், அதுவரைக்கும் சொல்ல வேண்டும். ஈரம்தான், ஆனால் ஏமாற்று இல்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இருபத்தேழு வருஷம் லாரிய வெட்டின. போற போக்குல டிரெய்லரையும் வெட்டிட்ட. சரி, எடுத்துட்டு வா கிளே, கொட்டகையத் திறக்கறேன்."

அன்று மதியமே வேலையைத் தொடங்கினோம். கறுப்புத் தகட்டை அறுத்ததும் பஞ்சும் பனிக்கட்டியுமாக ஒரு பாளம் பொத்தென்று விழுந்தது. நல்லவேளை, என் காலை எடுத்துவிட்டேன். குளியலறைக்குப் பின்னால் தண்ணீர்க்குழாய் திரும்பும் இடத்தில் பிளாஸ்டிக் முழங்கை ஒன்று விரிந்திருந்தது. என் கட்டைவிரல் அளவுகூட இல்லை, இத்தனைக்கும் அதுதான் காரணம். கடையில் நாலு டாலர்.

ஓர்வில் அந்தப் பாளத்தை வெளியே எறியவிடவில்லை. துண்டுகளைப் பொறுக்கித் தன் லாரியில் போட்டுக்கொண்டு நேராக எடைமேடைக்குப் போனார். நானும் போனேன். காலி லாரியை முதலில் நிறுத்துவிட்டுத்தான் வந்திருந்தார், விடாக்கண்டர். டானிகா கழித்துப் பார்த்து, "நூத்திநாப்பது" என்றாள்.

"நூத்தைம்பதுன்னு சொன்னியே வெல்மா!" என்று ஓர்வில் குதித்தார். "பத்து கிலோ எங்கே?"

"உங்க கொட்டகைத் தரையில உருகி ஓடுது அண்ணே. இல்லைன்னா தராசு குறைச்சுக் காட்டுது. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் லாரியில் ஏறிப் போய்விட்டார். ஆனால் அன்று மாலையே பெரிய காற்றாடியை டிரெய்லருக்கு அடியில் சாய்த்து வைத்து, சூடு போடும் பெட்டியையும் சேர்த்துவிட்டார். பன்னிரண்டு நாள் ஓடியது. ஐரீன் தினமும் காலையில் போய்ப் பலகையைத் தொட்டுப் பார்த்து அண்ணிக்குத் தொலைபேசியில் சொன்னார். சொல்லும்போதெல்லாம், "ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல இந்த மனுஷன்" என்று கூடவே அர்ச்சனையும் நடந்ததாகக் கேள்வி. நான் பழைய பலகையில் குத்தூசியால் பத்து இடத்தில் குத்தினேன். இந்த முறை எல்லாம் உருகிய பிறகு குத்தினேன். எங்கும் உள்ளே போகவில்லை. புதுப் பஞ்சு வைத்து, புதுத் தகடு போட்டு, டயர் நாலும் மாற்றிக் கொண்டுபோய் மேடையில் நிறுத்தினோம். ஆயிரத்து எழுநூற்று எண்பது. அண்ணி பணத்தைக் கொடுத்தார். ஓர்வில் எண்ணாமலே பையில் வைத்தார்.

மே பதின்மூன்றாம் தேதி காலையில் அண்ணி கிளம்பினார். பெட்டி, போர்வை, பாத்திரம், இரண்டு மீன்தூண்டில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. தூண்டில் இரண்டும் அண்ணனுடையவை. வழக்கம் போல எதையும் நம்பாமல், ஏற்றிய பிறகு எவ்வளவு என்று பார்க்க மேடைக்கு வந்தார். நானும் ஓர்விலும் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தோம். ஓர்வில் விதை வாங்க வந்ததாகச் சொன்னார். விதைக்கடை ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது.

எடை இரண்டு டன்னுக்கு எண்பது கிலோ குறைவாகவே வந்தது. டானிகா சீட்டை எடுத்து மேலிருந்து எழுத ஆரம்பித்தாள்.

"உரிமையாளர் பேரு?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சீட்டில் மேலே உரிமையாளர் என்று ஒரு கோடு, கீழே நிறுத்தவர் என்று ஒரு கோடு. இருபத்தேழு வருடம், எத்தனை ஆயிரம் சீட்டு என்று அவருக்கே தெரியாது, அத்தனையிலும் அவர் பெயர் கீழ்க்கோட்டில்தான். வீடு அண்ணன் பெயரில் இருந்தது, பிக்கப்பும் அண்ணன் பெயரில் வாங்கியது. மேல்கோட்டில் ஊரில் எல்லோருடைய பெயரையும் எழுதியிருக்கிறார், தன் பெயரை எழுதியதில்லை.

"பேனாவக் குடு" என்றார்.

வெல்மா ஓலினிக் என்று நிதானமாக எழுதினார். எழுதிவிட்டு ஒரு முறை படித்தார்.

டானிகா கீழ்க்கோட்டில் தன் பெயரை எழுதிக்கொண்டே, "கொட்டிட்டு வந்து காலி எடை போடணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்று சிரித்தாள். "எப்ப வர்றீங்க காலி எடைக்கு?"

"வேணாம். இதுல எதையும் நான் இறக்கிட்டு வரப் போறதில்ல."

சீட்டை மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு பிக்கப்பில் ஏறினார். மேடையை விட்டு டிரெய்லர் இறங்கும்போது இரும்புத் தகடு ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. வடக்கே திரும்பும்போது, நான் சொல்லிக் கொடுத்தபடியே அகலமாக வாங்கித் திரும்பினார், வேலிக்கம்பத்தில் உரசவில்லை. நான் அழுதுவிட்டேன். மறைக்கவெல்லாம் இல்லை.

ஓர்வில் என்னைப் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். தூசி அடங்கியதும் எடைக்கூண்டின் ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏம்மா டானிகா, இப்பவே சொல்லிட்டேன். அறுவடைக்கு நான் வருவேன். அவ வெச்ச மாதிரியே வெச்சிரு. தராசு மேல யாரையும் கை வெக்க விட்டுடாத."